காட்சிக்கு வைத்த புத்தகக் கடை

புத்தகக் கடை ஒன்று மூடப்பட்டதற்காக மனிதர் வருந்துவது புதுமையன்று. ஆனால், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே டிஸ்னி நிறுவனத்தின் களியாட்டப் பூங்கா ஒன்றினுள் இருந்து, 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதியுடன் மறைந்துபோன ஒரு சிறு புத்தகக் கடைக்காகப் பலர் இன்னும் ஏங்குகின்றனர் என்று சொன்னால், நம்மிற் பெரும்பாலார் நகைக்கவே செய்வர். உள்ளே காலடி வைப்பதற்கே அப்போது ஏறத்தாழ நூறு டொலர் அறவிட்ட ஓரிடத்தில் புத்தகம் தேடிச் சென்றவர் யார், அது போனதென்று அழுபவர் யார் என்ற கேள்வி எழுவது இயல்பே. நகைத்துவிட்டுக் கடந்துபோதல் எளிது. எனினும், ஓர் ஏக்கம் எத்துணை அற்பமானதாகத் தோன்றினும் அதற்கொரு சமூகக் காரணம் உண்டு. அக்காரணத்தைத் தேடுவோருக்கு இச்சிறு கடை சுவையான சில செய்திகளைச் சொல்லக்கூடும்.

அப்பூங்கா 1989ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி திறக்கப்பட்டது. (மே தினம் வாய்த்தது தற்செயலே!) அப்பொழுது அதன் பெயர் டிஸ்னி-எம்.ஜி.எம். ஸ்ரூடியோஸ் என்பதாகும், 2008இல் ஹொலிவூட் ஸ்ரூடியோஸ் எனப் பெயர் மாறிற்று. பாதி படப்பிடிப்புத் தளம், பாதி களியாட்டப் பூங்கா என்பதே ஆரம்ப ஏற்பாடு. முகப்பு மட்டும் உடைய கட்டடங்களைக் கொண்டு நியூயோர்க் நகரத் தெருவொன்று அங்கே எழுப்பப்பட்டிருந்தது. 1996இல் டிஸ்னி நிறுவனம் ஏ.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தைத் தன்னுடைமை ஆக்கிக்கொண்டது. அந்நிறுவனம் அப்போது ஒளிபரப்பிவந்த 'எலன்' என்னும் நகைச்சுவைத் தொடரின் நாயகி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'பை த புக்' என்ற புத்தகக் கடையை நடத்துபவள். விதிப்படி நட என்றும், புத்தகத்தை வாங்கு என்றும் ஒலியால் இருபொருள் தரும் பெயர் அது. தொடரின் புகழை ஒட்டிப் பூங்காவின் தெருவிலும் அப்பெயரில் ஒரு கடை தோன்றிற்று. நகரத்துப் புத்தகக் கடையைத் தொலைக்காட்சி போலி செய்தது. அப்போலியைப் பூங்கா மீண்டும் போலி செய்தது. நிழலின் நிழல் என்றே இதனைச் சொல்லவேண்டும்.

தொடரின் நாயகி தான் ஒருபாற் காதலினள் என்று வெளிப்படையாகக் கூறிய காட்சி 1997 ஏப்ரலில் ஒளிபரப்பாகியது. அவ்வாண்டு யூன் மாதம் தென்னக பப்ரிஸ்ற் திருச்சபையின் மாநாடு டிஸ்னியைப் பகிஷ்கரிக்குமாறு தன் மக்களுக்கு அறைகூவிற்று. 1998இல் தொடர் முடிவுற்றது. கடையின் பெயரிலிருந்து எலனும் நீங்கினாள். 'றைற்றர்ஸ் ஸ்ரொப்', அதாவது எழுத்தாளர் தரிப்பிடம் என்பது புதுப்பெயராயிற்று. இறுதிவரை நிலைத்ததும், இன்று பலரும் பெருமூச்சுடன் உச்சரிப்பதும் இப்பெயரே.

அங்கே என்ன இருந்தது? மெத்தை நாற்காலிகள் இருந்தன. புத்தகத் தட்டுகள் இருந்தன. கோப்பியும், கரட் கேக்கை விசுக்கோத்தாகச் சமைத்த ஒரு தின்பண்டமும் கிடைத்தன. விற்கப்பட்ட நூல்களிற் பல டிஸ்னியையே பற்றியன. ஏங்குவோரின் நினைவுரைகளைக் கேட்டால், அவர்கள் நாற்காலியைச் சொல்வர். புளோரிடா வெயிலுக்கு ஒதுங்கிய குளிர்ச்சியைச் சொல்வர். அந்த விசுக்கோத்தை மிக விரிவாகச் சொல்வர். வாங்கிய நூலின் பெயரைச் சொல்வோர் அரியர். இதனை இகழ்ச்சியாகக் கூறுகின்றோமல்லோம். பல்கலைக்கழக நாட்களைப் பற்றி நம் நண்பர்கள் கூடிப் பேசும்போதும், நூலகத்தின் நூல்களைவிட அதன் யன்னலோர இருக்கைகளே முதலில் வந்து நிற்கின்றன. மனிதரை வரிசையிலிருந்து வரிசைக்கும், காசுமேசையிலிருந்து காசுமேசைக்கும் ஓயாது நகர்த்துவதே அத்தகைய பூங்காவின் தொழில். அங்கே ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்து புத்தகமொன்றைப் புரட்டலாம் என்ற ஒரு மூலை இருந்தது. அந்த அரைமணி நேரமே இழக்கப்பட்டது. உழைப்பின் நாட்களில் ஓய்வு கிடைக்காதவர்கள், ஓய்வுக்கென விலைகொடுத்துச் சென்ற இடத்திலும் ஓய்வைத் தேடி ஒரு புத்தகக் கடைக்குள் ஒதுங்க வேண்டியிருந்தது என்பதுதான் இவ்வேக்கத்தின் உட்பொருள். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை.

களியாட்டத் தலத்தினுள்ளே புத்தகக் கடை இருப்பது டிஸ்னி கண்ட புதுமையுமன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்துப் பலே றோயல் பூந்தோட்டம் இதற்குச் சிறந்த முன்னுதாரணம். அரச குடும்பத்தின் கிளையைச் சேர்ந்த ஓர்லியன்ஸ் கோமகன், கடன் சுமை தாங்கமாட்டாமல், தன் அரண்மனைத் தோட்டத்தைச் சுற்றி வளைவுத் தூண்களுடன் கூடிய கட்டடங்களை 1780களின் முற்பகுதியில் எழுப்பி, கடைகளாக வாடகைக்கு விட்டான். ஒரு பக்கம் பணமின்மையால் கல்லுக்குப் பதிலாகப் பலகைகளால் அடைக்கப்பட்டது. அதுவே மரக்கூடம் என்று பெயர்பெற்றது. கோப்பிக் கடை, சூதாட்டம், நாடகம், விலைமாதர், தொப்பி விற்போர், இவர்களுக்கிடையே புத்தக வியாபாரிகள் — இவ்வளவும் ஒரே வளவினுள்! கோமகனின் நோக்கம் வாடகையன்றி வேறில்லை. ஆனால், அவ்வளவு இளவரசனின் சொத்தாகையால் நகரக் காவலர் தம் விருப்பப்படி அதனுள் நுழைய முடியாது. ஆகவே, வெளியே விற்கமுடியாத நூல்களும் துண்டுப்பிரசுரங்களும் உள்ளே விலைபோயின. 1789 யூனில் அங்கு சென்ற ஆதர் யங் என்ற ஆங்கிலேயப் பயணி, அன்று 13, முதல் நாள் 16, முந்திய வாரம் 92 எனப் புதுப் பிரசுரங்களின் தொகையைக் குறித்து வைத்தான். அடுத்த மாதம் 12ஆம் திகதி, அத்தோட்டத்துக் கோப்பிக் கடையின் முன் மேசைமீது ஏறிநின்று கமில் தெமுலன் மக்களை ஆயுதம் ஏந்துமாறு அழைத்தான். இரண்டு நாட்களில் பஸ்தீல் வீழ்ந்தது. வாடகை வாங்கிய கோமகன் தன் பட்டத்தைத் துறந்து 'சமத்துவம்' என்று பெயர் பூண்டும் தப்பவில்லை. 1793இல் அவன் தலை உருண்டது.

இனிப் புளோரிடாவுக்கு வருவோம். டிஸ்னி நிறுவனம் 1965 அளவில், போலிப் பெயர்களில் அமைத்த சிறு கம்பனிகள் மூலம், ஏறத்தாழ 27,000 ஏக்கர் நிலத்தை மலிவாக வாங்கியது. 1967இல் மாநிலச் சட்டசபை அந்நிலத்துக்கு ஒரு தனி ஆட்சி மாவட்டத்தை அமைத்துக் கொடுத்தது. வீதி, வடிகால், கட்டட அனுமதி, தீயணைப்பு யாவும் நடைமுறையில் நிறுவனத்தின் கைக்குள் இருந்தன. 2023இல் மாநில அரசு அம்மாவட்டத்தின் நிருவாகச் சபையைத் தன் நியமனத்துக்குள் கொண்டுவரும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, இது இருபதாம் நூற்றாண்டின் கோமகன் தோட்டமாகவே விளங்கிற்று. அங்கும் பொதுச் சட்டத்துக்குச் சற்று வெளியே ஒரு வளவு, இங்கும் அவ்வாறே. ஆனால் பாரிஸ் கோமகன் தன் கடைகளை வாடகைக்கு விட்டான். அவற்றின் தட்டுகளில் என்ன ஏறும் என்பதை அவன் தீர்மானிக்கவில்லை. பூங்காவிலோ கட்டடமும், கடையும், தட்டும், தட்டிலுள்ள நூலும், அந்நூலின் பொருளும் ஒரே உடைமையாளனுக்கு உரியனவாய் இருந்தன. எதிர்பாராத ஒரு நூல் கையில் அகப்படுவதற்கு அங்கே இடமெங்கே?

எழுத்தாளர் தரிப்பிடம் என்ற பெயரையும் சற்று நோக்கவேண்டும். எந்த எழுத்தாளர் அங்கே தரித்தார்? 1941இல் டிஸ்னியின் சித்திரத் தொழிலாளர் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்து தம் சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றனர். அதனை மறவாத வோல்ற் டிஸ்னி, 1947 ஒக்ரோபரில் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழு முன் தோன்றி, அவ்வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் வேலை என்று சாட்சியம் சொன்னார். அதே விசாரணையில் பதில் கூற மறுத்த பதின்மர் பின்னர் சிறை சென்றனர். அவர்களிற் பெரும்பாலார் திரைக்கதை எழுத்தாளர். 2007-08இலும், 2023இல் 148 நாட்களும், ஹொலிவூட் எழுத்தாளர் தெருவில் நின்று போராடினர். அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் அமர்ந்த நிறுவனங்களுள் டிஸ்னியும் ஒன்று. பூங்காவின் உள்ளேயே உண்மையான கலைத்தொழிலாளர் ஒரு காலம் இருந்தனர்: 'மூலான்', 'லிலோ அன்ட் ஸ்ரிச்' ஆகிய சித்திரப் படங்களின் பெரும்பகுதி அங்குள்ள கலைக்கூடத்திலேயே வரையப்பட்டது. 2004இல் அக்கூடம் மூடப்பட்டது. படைப்போர் வெளியேறிய பின்னும் படைப்போரின் பெயர்ப்பலகை பன்னிரண்டு ஆண்டுகள் தொங்கியது.

வெளியுலகத்துப் புத்தகக் கடைகளின் கதை இதனினும் கொடியது. 1990களில் பெருஞ்சங்கிலிக் கடைகள் சிறுகடைகளை விழுங்கின. பின்னர் அமேசன் அச்சங்கிலிகளை விழுங்கிற்று. 1971இல் மிச்சிகன் மாநிலத்தில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய போடர்ஸ், 2011இல் எஞ்சியிருந்த நானூறு வரையான கடைகளையும் மூடியபோது, பத்தாயிரத்துக்கும் அதிகமான ஊழியர் வேலையிழந்தனர். நகரத்துக் கடைவீதிகளிலிருந்து புத்தகக் கடை மறைய மறைய, பூங்காவில் இருந்த அதன் போலியுரு விலைமதிப்புப் பெற்றது. டிஸ்னியின் முறைக்கு இது புதிதன்று. 1955இல் கலிபோர்னியாவில் முதற் பூங்காவைத் திறந்தபோதே, நூற்றாண்டின் தொடக்கத்துச் சிற்றூர்க் கடைத்தெரு ஒன்றை, மேல்மாடியைக் கீழ்மாடியினும் சிறிதாக்கிக் கண்மயக்குடன் அது வாயிலில் நிறுத்தியிருந்தது. அசலான சிற்றூர்க் கடைத்தெருக்கள் காலியாகத் தொடங்கிய காலமும் அதுவே.

மறைந்த புத்தகக் கடையை எவ்வாறு நினைவுகூர்வது என்பதற்கு பல்சாக் ஒரு வழி காட்டினார். பலே றோயலின் மரக்கூடம் 1820களின் இறுதியில் இடித்து அகற்றப்பட்டது. அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின், 'இழந்த மாயைகள்' நாவலின் இரண்டாம் பாகத்தில், பல்சாக் அதனை மீண்டும் எழுப்பிக் காட்டினார். அந்நினைவில் பாசம் உண்டு. ஆனால் இனிப்புப் பூச்சு இல்லை. சேறு படிந்த தரையும், அழுக்கேறிய கண்ணாடியும், கவிதையைப் பணமுதலீடாக மட்டும் எடைபோடும் வெளியீட்டாளனும், நாட்டுப்புறத்திலிருந்து கையெழுத்துப் பிரதியுடன் வந்து நிற்கும் இளங்கவிஞனும் அங்கே உள்ளனர். இலக்கியம் பண்டமாகும் வரலாற்றையே இந்நாவல் சொல்கின்றது என்று லூக்காச் 1935இல் எழுதினார். விசுக்கோத்தை நினைவுகூர்வோரின் உரைகளில், அதைத் தட்டில் வைத்துத் தந்தவரின் சம்பளம் எங்கும் வருவதில்லை. பல்சாக் எழுதியிருப்பின் அந்தச் சம்பளத்தையும், கடையின் நாள் வரவையும் டொலர் சதக் கணக்கிற் சொல்லியிருப்பார்.

கடை மூடப்பட்டமைக்கு நட்டம் காரணமென்று சொல்லப்படவில்லை. அத்தெருவின் பெரும்பகுதி புதிய இரு பகுதிகளுக்கு வழிவிட மூடப்பட்டது. விளையாட்டுப் பொம்மைகளின் கதைக்கான பகுதி 2018இலும், விண்வெளிப் போர்க் கதைக்கான பகுதி 2019இலும் திறக்கப்பட்டன. ஏங்குவோர் மிக விரும்பிய விசுக்கோத்து அழியவில்லை. பின்னர் அது பூங்காவின் வேறு கடைகளில் விற்கப்பட்டது.

எழுத்தாளர் தரிப்பிடம் இருந்த கட்டடத்தில் 2017 செப்ரெம்பரில் ஒரு மதுக்கடை திறக்கப்பட்டது. அதற்கென நிறுவனம் ஒரு பூர்வ கதையையும் புனைந்தது: அக்கட்டடம் முன்னர் பிகரோவா என்ற அச்சகமாக இருந்ததாம், நாடகங்களும் திரைக்கதைகளும் அங்கே அச்சாகினவாம். 'பேஸ்லைன்' என்று மதுக்கடைக்கு இட்ட பெயரும், எழுத்துக்கள் வரிசையாய் அமரும் அடிக்கோட்டைக் குறிக்கும் அச்சுத்தொழிற் சொல்லே. அவ்விடத்தில் உண்மையாகவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு புத்தகக் கடை இருந்தது என்பதற்கு அக்கதையில் இடமில்லை. ஒருநாளும் அச்சுக் கோக்கப்படாத அவ்வச்சகத்தில் கலிபோர்னிய பியர் விற்பனையாகின்றது.