போனில் மாரியோ, கான்ட்ரா ஆடினால் தப்பா? எமுலேட்டர் பற்றி சட்டம் சொல்வது என்ன?

கேசட்டைக் கழற்றி, ஒரு ஊது ஊதி, மறுபடியும் செருகி கான்ட்ரா ஆடிய 90ஸ் கிட்ஸா நீங்கள்? அதே கேமை இப்போது போனிலேயே ஆடலாம். அதற்கான ஆப்தான் எமுலேட்டர். சரி, கீழ்க்கட்டளையில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், பழைய கேம்களை மெமரி கார்டில் ஏற்றி விற்றால்? அங்கேதான் சிக்கல். எது சரி, எது தப்பு? பார்க்கலாம்.

எமுலேட்டர் என்றால் என்ன?

பழைய கேம் மெஷின் செய்த வேலையை போனிலோ கம்ப்யூட்டரிலோ செய்து காட்டும் சாஃப்ட்வேர். கேசட்டுக்குள் இருந்த கேமின் நகலுக்கு 'ரோம்' என்று பெயர். மெஷின் வேறு, கேம் வேறு. இதைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எமுலேட்டர் வைத்திருப்பது குற்றமா?

இல்லை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் எமுலேட்டர் என்ற வார்த்தையே கிடையாது. தனியாக எழுதிய ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதை ஆராய்ந்து எடுக்க பிரிவு 52 இடம் தருகிறது. அமெரிக்காவிலும், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் நின்றது.

அப்போ சிக்கல் எங்கே?

ரோமில். கேம் எவ்வளவு பழசானாலும் உரிமை அவ்வளவு சீக்கிரம் போகாது. எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். திருட்டு நகல் எனத் தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், பிரிவு 63பி-யின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லை என்றால், கோர்ட் சிறைத் தண்டனையைத் தவிர்த்து, ரூ.50,000 வரை அபராதத்தோடு விடலாம்.

'24 மணி நேரத்தில் டெலிட் பண்ணிட்டா தப்பில்லை' என்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

சொந்த கேசட் இருந்தால்?

முறைப்படி வாங்கிய சாஃப்ட்வேர் பாழாகிவிடாமல் இருக்க பேக்கப் எடுக்கலாம். ஆனால் யாரோ இணையத்தில் போட்ட ஃபைலை இறக்குவது பேக்கப் ஆகாது. உரிமையை மீறும் நோக்கத்தில் டிஜிட்டல் பூட்டை உடைத்தால், 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ-படி 2 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆப் ஸ்டோர்கள் என்ன சொல்கின்றன?

கூகுள் ப்ளே ஸ்டோரில் எமுலேட்டர்கள் பல வருஷமாகவே இருக்கின்றன. ஆப்பிள் 2024 ஏப்ரலில்தான் கதவைத் திறந்தது. அதே மாதம் 'டெல்டா' ஆப் வந்தது. அதில் கேம் எதுவும் இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். ஆப் வழியாகக் கொடுக்கும் கேம்களுக்கு டெவலப்பரே பொறுப்பு என்பது ஆப்பிள் விதி.

யுசு எமுலேட்டர் ஏன் மூடப்பட்டது?

நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம்களின் பூட்டை உடைக்க உதவுவதாக 2024 பிப்ரவரியில் நிண்டெண்டோ வழக்குப் போட்டது. 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு, மார்ச்சிலேயே யுசு கடையைச் சாத்தியது. இது சமரசம்தான், எமுலேட்டரே தப்பு என்ற தீர்ப்பு அல்ல.

என்ன செய்யலாம்?

நிறுவனங்களே மறுபடியும் வெளியிடும் பழைய கேம்களை வாங்கலாம். உருவாக்கியவர்களே இலவசமாகத் தரும் 'ஹோம்ப்ரூ' கேம்களை எமுலேட்டரில் தாராளமாக ஆடலாம். கேம் ஏற்றி விற்கும் கடைக்காரருக்கு மட்டும் ஒரு விஷயம்: காசு வாங்கிவிட்டால் 'சும்மா ஆடத்தான்' என்ற சலுகை கிடையாது. பிரிவு 63-ன்படி தண்டனை 6 மாத சிறையில் தொடங்கி 3 ஆண்டு வரை போகும்.