மால்பெக்

மால்பெக், தென்மேற்குப் பிரான்ஸில் தோன்றி இன்று அர்ஜென்டினாவின் அடையாளமாகிவிட்ட கருந்திராட்சை வகை. அதிலிருந்து தயாராகும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். அடர்ந்த ஊதா நிறம், பிளம், நாவல்பழ நிறத்துப் பெர்ரிகள் ஆகியவற்றின் வாசனை, மிதமான துவர்ப்பு, 13 முதல் 14.5 விழுக்காடு வரை ஆல்கஹால் ஆகியவை இதன் பொதுக்குணங்கள். தணலில் வாட்டிய மாட்டிறைச்சித் துண்டான ஸ்டேக்குடன் அருந்த, கையைக் கடிக்காத விலையில் ஒரு சிவப்பு ஒயின் வேண்டும் என்பவர்களுக்குப் பல நாடுகளிலும் முதலில் சொல்லப்படும் பெயர் இது.

துவர்ப்பும் இறைச்சியும்

சிவப்பு ஒயினைத் திராட்சையின் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க வைக்கிறார்கள். அவற்றிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் சாற்றில் இறங்குகிறது. வாய்க்குள் போன டானின், உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொண்டு அதன் வழுவழுப்பைப் போக்கிவிடும். பாக்கை மென்றதும் நாக்கு இறுகுவதைப் போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது. வாயில் இறைச்சி இருக்கும்போது டானினில் ஒரு பகுதி அந்தப் புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. கொழுப்பு நாக்குக்கு வழுவழுப்பைத் தருகிறது, உப்பு கசப்பை அடக்குகிறது. தனியாகக் குடித்தால் முரட்டுத்தனமாகத் தெரியும் ஒயின், இரண்டு துண்டு இறைச்சிக்குப் பிறகு இதமாகிவிடுவதன் காரணம் இது.

விலை உயர்ந்த ஒயின்களைப் பீப்பாயிலும் புட்டியிலும் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதன் நோக்கங்களுள் ஒன்று, இந்தத் துவர்ப்பைத் தணிப்பதுதான். காத்திருந்த காலத்துக்கும் சேர்த்தே விலை வைக்கப்படுகிறது. ஸ்டேக் அந்த வேலையில் பெரும்பங்கைத் தட்டிலேயே முடித்துவிடுவதால், இளம் ஒயினே போதும்.

எல்லா ஸ்டேக்கும் ஒன்றல்ல. அர்ஜென்டினாவில் ‘ஓஹோ தெ பீஃபே’ எனப்படும் விலாப்பகுதித் துண்டில் கொழுப்பு வரிவரியாக ஓடும். மால்பெக்குக்கு அதைவிடப் பொருத்தமான துண்டு இல்லை. முதுகின் உட்புறத்திலிருந்து எடுக்கும் ‘லோமோ’ மென்மையானது, விலையும் அதிகம். ஆனால் கொழுப்பு குறைவு என்பதால் துவர்ப்பு மிகுந்த ஒயின் அதை அமுக்கிவிடும். சாறு வற்ற வெந்த இறைச்சியும் அப்படித்தான், அதனுடன் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். மிளகாய்க் காரம் சேர்ந்தால் ஆல்கஹாலின் எரிச்சலும் கூடும். அர்ஜென்டினர்கள் தங்கள் ‘அசாடோ’ விருந்தில் இறைச்சிக்குப் பெரும்பாலும் கல்லுப்பு மட்டுமே போடுகிறார்கள். கொழுந்துவிட்டெரியும் தீயில் வைப்பதில்லை. விறகு தணலாகும் வரை காத்திருந்து, கம்பித்தட்டில் நிதானமாக வாட்டுவார்கள். பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, வினிகர், எண்ணெய் சேர்ந்த சிமிசுரி மேசைக்குத் தனியாக வரும். இந்த எளிய சமையல் ஒயினோடு எந்த இடத்திலும் மோதுவதில்லை.

வரலாறு

பிரான்ஸின் லோத் ஆற்றங்கரையில் உள்ள காவோர் நகரம் இதன் பழைய இருப்பிடம். நிறத்தின் அடர்த்தியால் அங்கே விளைந்த மது ‘கறுப்பு ஒயின்’ என்றே பெயர் பெற்றது. போர்தோவிலும் மால்பெக் பயிரானது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்செரா என்ற பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தது. 1956 பிப்ரவரியின் கடும் உறைபனி மிஞ்சியிருந்த கொடிகளில் பெரும்பகுதியைக் கொன்றது. காவோர்காரர்கள் மீண்டும் மால்பெக்கையே நட்டார்கள், போர்தோ பெரும்பாலும் வேறு வகைகளுக்கு மாறிவிட்டது.

அதற்கு வெகுமுன்பே கொடி கடல் கடந்திருந்தது. பின்னாளில் அர்ஜென்டினாவின் அதிபரான தொமிங்கோ ஃபௌஸ்தினோ சார்மியெந்தோவின் முயற்சியால், மென்டோசா மாகாணத்தில் ஒரு வேளாண் பள்ளி தொடங்கும் திட்டம் 1853 ஏப்ரல் 17 அன்று மாகாணச் சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதை நடத்த வந்த பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிஷேல் எமே பூஜே, பிற பிரெஞ்சு வகைகளோடு மால்பெக்கையும் கொண்டுவந்தார். ஏப்ரல் 17 இப்போது உலக மால்பெக் நாள்.

1980களில் அர்ஜென்டினாவிலேயே இந்தக் கொடியை வேரோடு பிடுங்கினார்கள். உள்நாட்டில் ஒயின் குடிப்பது குறைந்ததும், மிகுதியாக விளையும் மலிவு வகைகளின் மீதிருந்த ஆசையும் அதற்குக் காரணம். இன்று 40,000 ஹெக்டேருக்கும் மேல் மால்பெக் அங்கே பயிராகிறது. அந்நாட்டு நாணயமான பெசோவை டாலருடன் கட்டிவைத்திருந்த ஏற்பாடு 2002இல் முறிந்து நாணய மதிப்பு சரிந்தபோது, வெளிநாட்டுக் கடைகளில் மால்பெக் திடீரென மலிவானது. மக்களுக்குப் பேரிடியாக வந்த நெருக்கடி, ஒயின் ஏற்றுமதிக்குக் கைகொடுத்தது.

விலை குறைவதேன்?

மென்டோசாவில் ஆண்டு மழை ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். ஆண்டிஸ் மலையின் பனியுருகு நீரை வாய்க்கால்களில் பாய்ச்சித்தான் சாகுபடி. ஸ்பானியர் வருமுன்பே உவார்ப்பே பழங்குடியினர் அங்கே வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வறண்ட காற்றில் பூஞ்சை நோய் குறைவு, மருந்துச் செலவும் குறைவு, விலை குறைய இது ஒரு காரணம். ஆலங்கட்டி மழைதான் பெரும்பகை. அதற்காகக் கொடிகளின் மேல் வலை கட்டிய தோட்டங்கள் நிறைய.

புட்டியைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்கக் கடைகளில் 10 முதல் 15 டாலருக்குள் நல்ல மால்பெக் கிடைக்கிறது. ‘மென்டோசா’ என்று மட்டும் போட்டிருந்தால் மாகாணத்தின் எந்தத் தோட்டத்துப் பழமாகவும் இருக்கலாம். அதே விலையில் அம்மாகாணத்திலுள்ள லுஹான் தெ குயோ அல்லது உக்கோ பள்ளத்தாக்கின் பெயர் இருந்தால் அதை எடுப்பது நல்லது. முன்னதில் பழச்சுவை கனிந்திருக்கும். உயரமும் குளிரும் கூடிய உக்கோவில் புளிப்பு எடுப்பாக இருப்பதால், கொழுத்த இறைச்சிக்கு அதுவே உகந்தது. ‘ரெசெர்வா’ என்றால் அர்ஜென்டினாவில் சிவப்பு ஒயினை 12 மாதமாவது முதிரவைத்திருக்க வேண்டும். ஓக் வாசனை மட்டும் தரத்துக்குச் சான்றல்ல, மலிவு ஒயின்களில் பீப்பாய்க்குப் பதில் ஓக் சீவல்களைப் போடுவதும் உண்டு. திருகுமூடி மட்டம் என்பது வீண் எண்ணம். இந்த விலைக்கு அறுவடையாகி இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் உள்ளதை வாங்கி உடனே குடித்துவிட வேண்டும், சேமித்துவைப்பதால் பயனில்லை.

மால்பெக் இல்லாத கடையில் சிலியின் கபெர்னே சோவினியோன், ஸ்பெயினின் ஹுமிய்யா வட்டாரத்து மொனாஸ்ட்ரெல், பிரான்ஸின் கோட் து ரோன் ஆகியவற்றுள் ஒன்றை எடுக்கலாம். லோமோ போன்ற கொழுப்பற்ற துண்டுக்குக் கோட் து ரோன் மேல்.

பரிமாறும் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். வெப்பமான ஊர்களில் அறைச் சூட்டிலேயே ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகிவிடும். 20 டாலருக்கு மேல் செலவிட மனமிருப்பவர், கூடுதல் பணத்தைக் கசாப்புக் கடையில் கொடுத்து நல்ல விலாத்துண்டாக வாங்கினால் உணவும் ஒயினும் இரண்டுமே சிறக்கும்.