உழைத்த வண்டியின் அசல் எது?

2004ஆம் ஆண்டு கிரேக்க நாட்டு டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் தமது மெர்சிடிஸ்-பென்ஸ் 240 டி காரை ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். 1976இல் தயாரான அந்தக் கார் அதுவரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. உலகிலேயே மிக அதிகத் தொலைவு ஓடிய மெர்சிடிஸ் டீசல் கார் என்ற பெயருடன் அது இன்று காட்சிக்கு நிற்கிறது. ஆனால் அந்தத் தொலைவு முழுவதையும் ஒரே எஞ்சின் ஓடிக் கடக்கவில்லை. எஞ்சின் பலமுறை கழற்றப்பட்டு, வேறொன்று பொருத்தப்பட்டது. தேய்ந்த பாகங்கள் போய்ப் புதியவை வந்தன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடியே அந்தக் கார் இருந்திருந்தால் அருங்காட்சியகத்துக்கு அது தேவைப்பட்டிருக்காது. பழுதுபார்ப்பின் நீண்ட வரலாறுதான் அதற்கு அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது.

பழைய ஐரோப்பிய டீசல் கார்களைத் தேடி வாங்கி, துரு நீக்கி, எஞ்சினைப் பிரித்துக் கோத்து மீண்டும் ஓடச் செய்வது இன்று பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. சிலர் காரை அதன் பிறந்த நாள் நிலைக்குத் திருப்ப முயல்கிறார்கள். சிலர் எஞ்சினை மாற்றியமைத்து அதன் ஆற்றலைப் பெருக்குகிறார்கள். இவ்விரு சாராருக்கும் இடையே ஓயாமல் நடக்கும் விவாதம் ஒற்றைச் சொல்லைச் சுற்றியது: ‘அசல்’. உழைப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு அசல் நிலை என்பது எது? பொழுதுபோக்காளர்களின் சச்சரவாகத் தோன்றும் இக்கேள்வி வரிச் சட்டத்தையும், நகரத்தின் காற்றையும், எந்தப் பொருள் மரபாக மதிக்கப்படும் என்ற தீர்ப்பையும் தொட்டுச் செல்கிறது.

டீசல் எஞ்சின் காருக்குள் வந்ததே தாமதமாகத்தான். ருடால்ஃப் டீசல் 1890களில் உருவாக்கிய எஞ்சின் ஆலைகளிலும் கப்பல்களிலும் அசையாமல் நின்று உழைத்த பெரும் எந்திரம். அதனைச் சிறிதாக்க இரண்டு முன்னேற்றங்கள் உதவின. ஒன்று, சிலிண்டருக்கு முன்பாக ஒரு சிறு அறையில் எரிபொருளைத் தெளித்து அங்கேயே எரிதலைத் தொடங்கும் முறை; பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ப்ராஸ்பர் லொராஞ்ச் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மற்றொன்று, மிகச் சிறிய அளவு டீசலைத் துல்லியமாக அளந்து அழுத்தத்துடன் செலுத்தும் பம்ப். இதனை பாஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1936 பிப்ரவரியில் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி அறிமுகமானது. அதன் ஆற்றல் 45 குதிரைத்திறன். 1940 வரை 2,000க்கும் குறைவான கார்களே தயாராயின. அவற்றைப் பெரிதும் விரும்பி வாங்கியோர் டாக்ஸி நடத்தியோர். எரிபொருள் செலவைக் காசு காசாகக் கணக்கிட்டவர்களே டீசல் காரின் முதல் ரசிகர்கள்.

இந்தத் தொடக்கம் டீசல் காரின் சமூக இடத்தை நெடுங்காலத்துக்கு நிர்ணயித்தது. போருக்குப் பின் 1954இல் மெர்சிடிஸ் 180 டி வந்தது. 1959இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் தனது 403 காரில் டீசல் எஞ்சின் பொருத்தி விற்றது. 1976இல் வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் காரும் 50 குதிரைத்திறன் டீசல் எஞ்சினைப் பெற்றது. டாக்ஸி ஓட்டுநர், விவசாயி, ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளர் ஆகியோரே இவற்றின் வாடிக்கையாளர்கள். வேகத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. மெர்சிடிஸின் டபிள்யூ 123 வரிசையில் வந்த 200 டி, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பிவிட்டு, ஹீட்டர் பிளக் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். ஜெர்மானியர்கள் அந்த இடைவெளியை ‘ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்’ என்று கேலியாக அழைத்தனர்.

1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 லட்சம் டபிள்யூ 123 கார்கள் தயாராயின. அவற்றின் டீசல் எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால்தான் இன்றைய மீட்டெடுப்பாளர்களின் பற்றுதல் விளங்கும். அதில் ஸ்பார்க் பிளக் இல்லை, கார்புரேட்டர் இல்லை, கணினி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், தொடர்ந்து ஓட அந்த எஞ்சினுக்கு மின்சாரமே தேவையில்லை. அதனை நிறுத்துவதற்கும் மின்சாரம் பயன்படுவதில்லை. சாவியைத் திருப்பினால் வெற்றிடக் குழாய் வழியே பம்பின் எரிபொருள் துண்டிக்கப்படும். கதவுப் பூட்டுகளும் அதே வெற்றிட அமைப்பைச் சார்ந்தவை. ஆகவே கதவுக்குள் ஓடும் ரப்பர்க் குழாயில் ஒரு விரிசல் விழுந்தாலும், சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கலாம். பழகாதவருக்கு இது மாயம். பழகிய மெக்கானிக்குக் குழாயைத் தொடர்ந்து சென்று கண்டுபிடிக்கும் சாதாரணப் பழுது. எல்லாப் பழுதுகளும் கண்ணுக்கும் காதுக்கும் விரலுக்கும் எட்டும் இடத்தில் இருந்தன.

கையால் அறியக்கூடிய இந்தத் தன்மையே அக்கார்களைத் தாயகத்திலிருந்து வெகுதொலைவு கொண்டு சென்றது. ஜெர்மனியில் கார் வரி எஞ்சினின் கொள்ளளவையும் புகையின் தன்மையையும் பொறுத்தது. புகை கட்டுப்பாட்டுக் கருவி எதுவுமற்ற 3 லிட்டர் பழைய டீசல் காருக்கு ஆண்டு வரி 1,000 யூரோவைத் தாண்டும் நிலை வந்தது. காரின் விலைக்கே நிகரான வரியைச் செலுத்த விரும்பாத உரிமையாளர்கள் விற்றனர். அக்கார்கள் வட ஆப்பிரிக்காவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறின. மொராக்கோவில் ஊர்களுக்கிடையே பங்குக் கட்டணத்தில் ஓடும் ‘கிராண்ட் டாக்ஸி’ என்றாலே நெடுங்காலம் பழைய மெர்சிடிஸ் 240 டிதான். ஓட்டுநரைத் தவிர ஆறு பேர் நெருக்கி அமர்ந்து சென்ற அக்கார்களை, மொராக்கோ அரசு பின்னர் மானியம் கொடுத்துப் படிப்படியாக விலக்கியது. ஜெர்மானிய வரிச் சட்டம் விரட்டிய வண்டிகளை மொராக்கோவின் பட்டறைகள் பல்லாண்டு காலம் உயிரோடு வைத்திருந்தன.

தாயகத்தில் எஞ்சியவற்றைக் காத்ததும் மற்றொரு சட்டமே. 1997இல் ஜெர்மனி ‘எச்’ எழுத்து தாங்கிய பதிவெண்ணை அறிமுகம் செய்தது. 30 ஆண்டுகளைக் கடந்து நல்ல நிலையில் உள்ள வாகனத்துக்கு அது கிடைக்கும். எஞ்சின் எத்தகையதாயினும் ஆண்டு வரி 191.73 யூரோ மட்டுமே. 2008இல் பெர்லின் உள்ளிட்ட நகரங்கள் புகை மிகுந்த வாகனங்களுக்கு மையப் பகுதியை மூடியபோதும், எச் பதிவெண் கார்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. டபிள்யூ 123 வரிசையின் முதல் கார்கள் 2006இல் இந்த வயதை எட்டின. அதுவரை பழைய வண்டி, சுமை என்று கருதப்பட்டது, அந்த வரம்பைக் கடந்ததும் சட்டத்தின் பார்வையில் பண்பாட்டு மரபாயிற்று.

அந்தச் சட்டம் ‘அசல்’ என்பதைப் பொருள்கொண்ட விதம் கவனத்துக்குரியது. காரில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது என்று அது கூறவில்லை. காருக்கு வயது பத்து ஆவதற்குள் அக்காலத்தில் வழக்கமாகச் செய்யப்பட்ட மாற்றங்களையும், 30 ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டதாக நிறுவக்கூடிய மாற்றங்களையும் அது ஏற்கிறது. உதாரணமாக, 1980இல் மெர்சிடிஸ் நிறுவனமே 125 குதிரைத்திறன் கொண்ட டர்போ டீசல் எஞ்சினை இதே வரிசையின் ஸ்டேஷன் வேகனில் விற்றது. ஆகவே அதே காலத்து எஞ்சினை மற்றொரு 300 டியில் பொருத்துவதை, காலத்துக்குப் பொருந்திய மாற்றம் என்று வாதிட இடமுண்டு. மாற்றமும் வரலாற்றின் ஒரு பகுதி என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

எஞ்சினை மாற்றியமைப்போர் தம் பக்கத்துக்கு வலுவான முன்மாதிரி ஒன்றைக் காட்டுவதுண்டு. 1976 ஜூனில் மெர்சிடிஸ் பொறியாளர்கள் 300 டியின் ஐந்து சிலிண்டர் எஞ்சினில் டர்போ பொருத்தி, 80 குதிரைத்திறனை 190 ஆக உயர்த்தி, சி 111 என்னும் சோதனைக் காரில் வைத்து, இத்தாலியின் நார்டோ தடத்தில் 60 மணி நேரம் ஓட்டினர். சராசரி வேகம் மணிக்கு 252 கிலோமீட்டர். டாக்ஸி எஞ்சினுக்குள் இத்தனை ஆற்றல் உறங்கிக் கிடந்ததை உருவாக்கியவர்களே காட்டிவிட்டனர். இன்று பின்லாந்திலும் ஸ்வீடனிலும் இப்பொழுதுபோக்கு அதே வழியில் வெகுதூரம் சென்றிருக்கிறது. 1990களில் வந்த ஆறு சிலிண்டர் மெர்சிடிஸ் டீசல் எஞ்சின் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் தயாரானது. அங்குள்ளோர் அந்த மின்னணுப் பம்பைக் கழற்றிவிட்டு, முந்தைய தலைமுறையின் முழு எந்திரப் பம்பைப் பொருத்துகிறார்கள். பம்பின் உட்பாகங்களைப் பெரிதாக்கி, பெரிய டர்போ வைத்து, ஆற்றலைப் பன்மடங்காக்குகிறார்கள். புதியதை எடுத்துவிட்டுப் பழையதை வைக்கும் இச்செயலின் காரணம் எளியது: கணினி பூட்டி வைத்ததைத் திருப்புளி திறந்துவிடும்.

அமெரிக்காவில் இதே கார்கள் வேறொரு ஆசைக்கு ஆளாயின. 1900ஆம் ஆண்டு பாரீஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டதை ருடால்ஃப் டீசலே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்து, உணவகங்களில் பொரித்து முடித்த எண்ணெயை வடிகட்டி ஊற்றி ஓட்டுவதற்காகப் பலர் அங்கே பழைய மெர்சிடிஸ் டீசல்களை வாங்கினர். இரண்டாவது டேங்க் ஒன்றை வைத்து, எண்ணெயைச் சூடாக்கி இளக்கிச் செலுத்த வேண்டும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் டீசலில் ஓட்ட வேண்டும். உற்பத்தியாளர் எண்ணிப் பார்க்காத இந்தப் பயன்பாட்டையும் அந்த எஞ்சின் ஓரளவு தாங்கிக்கொண்டது.

இவ்வளவையும் புகழ்ந்துவிட்டுப் புகையைப் பேசாமல் விட்டால் அது வரலாறாகாது. 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வடிகட்டி எதுவும் இல்லாத பழைய எஞ்சின் கக்கும் கரிய புகை கண்ணுக்கே தெரியும்; ஆற்றலைக் கூட்ட டீசலை அதிகம் செலுத்தும்போது அது மேலும் கறுக்கிறது. பழைய கார்கள் எண்ணிக்கையில் குறைவு, ஓடும் தூரமும் குறைவு என்பது மீட்டெடுப்பாளர்களின் பதில். கணக்கின்படி அதில் உண்மை உண்டு. எனினும் பின்னால் நடந்து செல்பவரின் நுரையீரல் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நெடுநாள் உழைக்கும் பொருளைச் செய்வது நற்செயல் என்றால், அதன் தீங்கும் நெடுநாள் நீடிக்கும் என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

இந்தியாவில் இவ்விவாதம் வேறு வடிவம் கொள்கிறது. மெர்சிடிஸ் 240 டியின் எஞ்சின் குடும்பம் இந்தியச் சாலைக்குப் புதியதன்று. பஜாஜ் டெம்போ நிறுவனம் 1980களில் அதன் உரிமத்தைப் பெற்று டிராக்ஸ் போன்ற வண்டிகளில் பொருத்தியது. பெஜோவின் டீசல் எஞ்சினை மஹிந்திரா தன் ஜீப்களில் வைத்தது. ஐரோப்பாவில் டாக்ஸிக்காரர் ஓட்டிய எஞ்சின்கள் இங்கே பங்குக் கட்டணத்தில் கிராமத்தாரை ஏற்றிச் சென்றன. அத்துடன், பெட்ரோல் அம்பாசடரையும் பியட்டையும் வாங்கி டீசல் எஞ்சின் பொருத்தி ஓட்டுவது பல நகரங்களில் பட்டறைகளின் வழக்கமான தொழிலாகவே இருந்தது. செலவைக் குறைக்கும் தேவையிலிருந்து பிறந்த மாற்றம் அது.

சட்டம் இந்த வரலாற்றை எப்படிப் பார்க்கிறது? தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வலியுறுத்தியது. 2021இல் வெளியான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் தனிப் பதிவு முறையைத் தந்தது. ஆனால் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடுத்ததும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை வழிமொழிந்ததும், செயல்படுத்தும் முறை அதன்பின் மாறி மாறி வந்திருப்பதும் தெரிந்தவையே.

பாதுகாப்புக்கும் காற்றுக்கும் இவ்விதிகள் தேவை. இருப்பினும் அவற்றின் வழியே ஒரு தேர்வும் நடந்துவிடுகிறது. கொட்டகையில் மூடி வைக்கப்பட்டு, அதிகம் ஓடாமல், எஞ்சின் மாறாமல் இருந்த செல்வர் வீட்டுக் கார் மரபுச் சின்னமாகிறது. மூன்று தலைமுறை மெக்கானிக்குகளின் கைபட்டு, எஞ்சின் மாறி, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி ஒரு குடும்பத்துக்குச் சோறிட்ட டீசல் கார், அந்த உழைப்பின் காரணமாகவே தகுதியிழந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. உரிமையாளரின் பெருமை ஆவணப்படுகிறது. பட்டறையின் அறிவு ஆவணப்படாமல் போகிறது.

காலத்துக்குப் பொருந்திய மாற்றத்தை ஏற்கும் ஜெர்மானிய அளவுகோல் இங்கும் சிந்தனைக்குரியது. அத்தகைய கார்களைத் தினமும் நகரச் சாலையில் ஓட விட வேண்டியதில்லை. 1970களிலும் 80களிலும் டீசல் எஞ்சின் மாற்றப்பட்ட அம்பாசடர் ஒன்றை, அந்த மாற்றத்துடனேயே, அதைச் செய்த பட்டறையின் குறிப்புடனேயே, ஓர் அருங்காட்சியகத்தில் நிறுத்துவதற்குக் காற்றின் தூய்மை தடையாக இராது. ஸ்டுட்கார்ட்டில் நிற்கும் கிரேக்க டாக்ஸியைப் போல, அதுவும் தன் உடலில் பட்ட ஒவ்வொரு பழுதுக்கும் பதில் சொல்லும்.