குருதியின் இரு கரைகள் – 9: பதின்மூன்றும் ஒன்றும்

ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் அவிழ்த்த முடிச்சு இன்னொரு முடிச்சைப் போட்டுவிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆஸ்பிரின் ஒரு நொதியைத் தடுப்பதால் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகின்றன, இதயம் பிழைக்கிறது. ஆனால் இரைப்பையின் உட்சுவருக்குச் சளிப்போர்வை போர்த்தும் புரோஸ்டாகிளாண்டின்களும் அதே நொதியிலிருந்துதான் பிறக்கின்றன. போர்வை விலகினால், உணவைச் செரிக்க ஊறும் அமிலம் சுவரையே அரிக்கத் தொடங்கும்.

இனி ஹாங்காங்குக்குப் போவோம். ஷா டின் பகுதியில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனை. மாரடைப்பு வந்து பிழைத்த முதியவர்கள் அங்கே வேறொரு காரணத்துக்காக மறுபடி வருவார்கள். தார் போலக் கருத்த மலம், கண்ணை இருட்டிக்கொண்டு மயக்கம். தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின்தான் போட்டிருப்பார்கள். எண்டோஸ்கோப்பி குழாயை இறக்கிக் கசியும் புண்ணை அடைத்துவிடலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் மருத்துவருக்குச் சோதனை. ஆஸ்பிரினைத் தொடரச் சொன்னால் புண் மறுபடி திறக்கலாம். வேண்டாமென்றால் இதயக் குழாய் அடைக்கலாம். எதை எழுதிக் கொடுப்பது?

அமெரிக்க இதயநோய் வல்லுநர்கள் 2002இல் ஒரு வழி சொன்னார்கள்: ஆஸ்பிரின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு, தட்டணுக்களை முடக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோக்ரெல் கொடுங்கள். 1996இல் வெளியான காப்ரீ ஆய்வில் 19,185 பேரை ஒப்பிட்டபோது, குளோபிடோக்ரெல் உட்கொண்டவர்களுக்கு வயிற்று ரத்தக்கசிவு குறைவாகவே இருந்தது. ஆனால் அங்கே அதனுடன் மோதியது 325 மில்லிகிராம் ஆஸ்பிரின். ஹாங்காங் முதியவர்களின் கையில் இருந்ததோ 80 மில்லிகிராம். இந்த வித்தியாசத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஃபிரான்சிஸ் சான் என்ற குடல்நோய் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க முடிவு செய்தார்கள். ஆஸ்பிரினால் ரத்தம் கசிந்து புண் ஆறிய 320 பேர். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தவர்களுக்கு அதை முதலில் ஒழித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் பழி மருந்தின் மேலா கிருமியின் மேலா என்று தெரியாது. பாதிப்பேருக்குக் குளோபிடோக்ரெல் மட்டும். மறுபாதிக்கு அதே பழைய ஆஸ்பிரின், கூடவே அமிலச் சுரப்பை அடக்கும் எசோமெப்ரசோல் 20 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. நம் வீடுகளில் கேஸ் மாத்திரை என்கிறோமே, அந்த இனம். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

பன்னிரண்டு மாதங்கள் கழித்து ரகசியம் பிரிக்கப்பட்டது. வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட குளோபிடோக்ரெல் அணியில் 13 பேருக்கு மறுபடி புண்ணிலிருந்து ரத்தம். ஆஸ்பிரினும் கேஸ் மாத்திரையும் சேர்ந்த அணியில்?

ஒரே ஒருவர்.

நூற்றுக்கு 8.6, எதிரே 0.7. 2005 ஜனவரியில் இது அச்சேறியது. குளோபிடோக்ரெல் புதிதாகப் புண்ணை உண்டாக்கியது என்று யாரும் சொல்லவில்லை. புண் ஆறுவதற்கான வளர்ச்சிப் பொருள்களைச் சுமந்து வருபவை தட்டணுக்கள். அவற்றை முடக்கினால் ஏற்கெனவே இருக்கும் புண் ஆறத் தயங்கும் என்பதே மருத்துவர்கள் தந்த விளக்கம். மருந்தை மாற்றுவதைவிட அமிலத்தை அடக்குவதே வயிற்றுக்குக் காவலானது. மாதச் செலவு கையைக் கடிக்கும்போது மாத்திரைச் சீட்டில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கேஸ் மாத்திரைதான். மருத்துவரைக் கேட்காமல் அதை வெட்டாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே ஹாங்காங்கில் ஜோசப் சங் குழுவினர் இன்னும் துணிச்சலான கேள்வியைக் கேட்டார்கள். ரத்தக்கசிவை அடைத்த கையோடு ஆஸ்பிரினைத் திரும்பக் கொடுத்தால் என்ன? 156 பேர். எல்லாருக்கும் அமிலத்தை அடக்கும் மருந்து உண்டு. பாதிப்பேருக்கு மட்டும் உடனே ஆஸ்பிரின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. பயந்தபடியே ஆஸ்பிரின் அணியில் மறுகசிவு சற்றுக் கூடுதல்: நூற்றுக்குப் பத்து, எதிரணியில் ஐந்து. ஆனால் எட்டு வாரத்தில் இறந்தவர்கள்? ஆஸ்பிரின் அணியில் நூற்றுக்கு 1.3. வெற்று மாத்திரை அணியில் 12.9. வயிற்றுக்குப் பயந்து இதய மாத்திரையை நிறுத்தியது உயிரைக் காக்கவில்லை. 2010இல் வெளியான இந்த எண்களை முதன்முறை படித்த நாளில் வெகுநேரம் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

ஆக, காவலன் கிடைத்துவிட்டான். ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் அமில அடக்கியை எழுதினார்கள் மருத்துவர்கள்.

அப்போதுதான், 2008இல், பிரான்ஸின் பிரெஸ்ட் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. குளோபிடோக்ரெல் விழுங்கியவுடன் வேலை செய்யும் மருந்து அல்ல. ஈரலில் உள்ள ஒரு நொதி அதைத் தீட்டிக் கூராக்கினால்தான் வேலை செய்யும். அமில அடக்கிகளில் ஒன்றான ஒமெப்ரசோலும் அதே நொதியின் வாசலில்தான் போய் நிற்கிறது. ஸ்டென்ட் வைத்த 124 பேருக்கு ஏழு நாள் ஒமெப்ரசோலோ வெற்று மாத்திரையோ கொடுத்து, மார்ட்டின் ஜிலார் குழுவினர் அவர்கள் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒமெப்ரசோல் சாப்பிட்டவர்களின் குழாய்களில், தூங்கியிருக்க வேண்டிய தட்டணுக்கள் விழித்துக்கொண்டிருந்தன.

வயிற்றுக்கு வைத்த காவலன், இதயத்தின் கதவைத் திறந்துவிட்டானா?

(தொடரும்)