சினம் யார்மேல் அடங்க வேண்டும்? கிறிஸ்தவ அன்பு குறித்து ஒரு விசாரணை

பிறர் செய்த அநீதியைக் கண்டு மனம் கொதிக்கும்போது என்ன செய்வது என்று கேட்டால், நம் சபைகளில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: மன்னித்துவிடு, ஜெபித்துக்கொள். கொதிப்பவர் யார், கொதிப்பு யார்மேல் என்று அந்த விடை விசாரிப்பதில்லை. இதை விசாரிக்காமல் கேட்கப்படும் மன்னிப்புக்கு அன்பு என்ற பெயர் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்தில் முதல் இரண்டு குறள்கள் (301, 302) இங்கே கைகொடுக்கின்றன. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதைத் தடுப்பவனே சினம் காத்தவன். பலிக்காத இடத்தில் காத்தாலென்ன, காக்காவிட்டாலென்ன என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளிலேயே, பலிக்காத இடத்துச் சினமும் தீதுதான் என்கிறார். இரண்டும் ஒரே தரத்துத் தீது அல்ல என்பதை உரையாசிரியர் பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். வலியவன்மேல் கொள்ளும் சினத்தால் இம்மையில் தனக்குத் துன்பம் வரும், அவ்வளவே. எளியவன்மேல் கொள்ளும் சினமோ இம்மையில் பழியையும் மறுமையில் பாவத்தையும் சேர்க்கும். முன்னது எச்சரிக்கை, பின்னது கண்டனம். விவிலியம் அந்த எச்சரிக்கையை மீறியவர்களைப் போற்றுகிறது. இறைவாக்கினர் நாத்தான் அரசர் தாவீதின் முகத்துக்கு நேரே குற்றம் சொன்னார். ஏரோது மன்னனைக் கண்டித்த திருமுழுக்கு யோவான் தலையை இழந்தார். சினம் கொள்ள வேண்டிய இடத்தில் கொள்ளாதிருப்பதும் குறையே என்பது தாமஸ் அக்குவினாஸின் நிலைப்பாடு.

இந்த அளவுகோலுக்கு அண்மைக் காலத்தின் கடுமையான சோதனை இலங்கையில் நடந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் சில ஹோட்டல்கள் ஆகியவற்றில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிச் சிறுவர்கள். குண்டு வைத்தவர்கள் குண்டோடு போய்விட்டார்கள். மிஞ்சிய சினத்துக்கு இரண்டு திசைகள் இருந்தன: கீழே, அக்கம்பக்கத்து முஸ்லிம்கள், மேலே, இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் தேதியே தந்த எச்சரிக்கையைக் கிடப்பில் போட்ட ஆட்சியாளர்கள்.

கீழே பாய்வது எளிது. நீர்கொழும்பில் கத்தோலிக்கரே பெரும்பான்மை. அங்கே வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தானிய அகமதியா அகதிகள் நூற்றுக்கணக்கில் விரட்டப்பட்டனர். தம் நாட்டில் மத வன்முறைக்குத் தப்பி வந்தவர்கள் அவர்கள்! மே மாதத் தொடக்கத்தில் அதே நகரில் கைகலப்பு மூண்டது. கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் தம் மக்களிடம் முஸ்லிம்கள்மேல் கை வைக்காதீர்கள் என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டார். வள்ளுவர் ‘செல்லிடம்’ என்று சொல்லும், சினம் பலிக்கும் இடம் அதுதான். காக்க வேண்டிய சினமும் அங்கேதான் இருந்தது. அடுத்த வாரம் வடமேல் மாகாணத்தில் பரவிய முஸ்லிம் எதிர்ப்பு வன்முறை, அந்த வேண்டுகோள் எவ்வளவு தேவைப்பட்டது என்பதைக் காட்டியது.

2020 உயிர்ப்புத் திருநாள் மறையுரையில் கர்தினால், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்காக இன்னொருவர் மன்னிக்க முடியுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. திருச்சபைத் தலைவருக்கும் அந்த அதிகாரம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் அதே மனிதர் ஆட்சியாளர்களை விட்டுவிடவில்லை. விசாரணை அறிக்கையைக் கிடப்பில் போடக்கூடாது என்று 2021 மார்ச் 7ஆம் தேதியைக் கறுப்பு ஞாயிறாக அனுசரிக்க வைத்தார். பாதிக்கப்பட்டோரும் மற்றோரும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது இலங்கை உச்ச நீதிமன்றம். மன்னிப்போடு எல்லாம் முடிந்தது என்று சபை ஒதுங்கியிருந்தால், உண்மையைக் கேட்கும் குரல்களில் வலுவான ஒன்று குறைந்திருக்கும்.

1999இல் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரு மகன்களையும் ஒரு கும்பல் வைத்த தீக்குப் பறிகொடுத்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸும் இதே வேறுபாட்டைக் கடைப்பிடித்தார். கொன்றவர்களை மன்னித்தார், சட்டம் தன் வழியில் போவதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அங்கே மன்னிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை.

இந்த வாதத்துக்குக் கடினமான இடம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் வன்னியக் கிறிஸ்தவரும் தலித் கிறிஸ்தவரும் ஒரே பங்கைச் சேர்ந்தவர்கள், ஒரே நற்கருணையை உண்பவர்கள். தலித்துகளின் சவ ஊர்வலம் போகும் பாதையும் கல்லறையும் வேறாக இருந்தன. அந்த மக்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது; தலித் வீடுகள் தாக்கப்பட்டன; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இறந்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அவர்கள் வீட்டாரின் துயரம் யாருடைய துயரத்துக்கும் குறைந்ததல்ல. ஆனால் அதைச் சொல்லிப் பாகுபாட்டின் கணக்கை மூடிவிட முடியாது.

தனிப் பங்கு கேட்பது பிரிவினை, பகை, கிறிஸ்துவின் அன்புக்கு விரோதம் என்று மறுப்போர் சொல்வார்கள். அன்பு என்ற சொல் அங்கே ஒரு பக்கத்து வாயை அடைக்கத்தான் உதவுகிறது. தலித்துகளின் சினத்துக்கு ஊரில் பலிக்கும் வலிமை ஏது? பலிக்கும் சினம் யாரிடம் இருந்ததோ அவர்களிடம்தான் அடக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். வலியவரிடம் நியாயம் கேட்கும் எளியவரின் சினம், நாத்தானின் சினத்துக்கு உறவு.

திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு செய்ய வேண்டியதன் வரிசையும் தெளிவாகவே இருக்கிறது. சமாதானம் பேச அமரும் குருமார் முதலில் ஆதிக்கச் சாதியாரின் வீட்டுத் திண்ணைக்குப் போகட்டும். சவப்பாதையைப் பொதுவாக்கி, கல்லறைச் சுவரை இடித்துவிட்டு வரட்டும். அதற்கு முன் தலித் குடும்பங்களிடம் மன்னிப்பைப் பற்றி மறையுரை செய்ய அவர்களுக்கு உரிமையில்லை.