சரிவும் அடைப்பும்: அரசியல் நெருக்கடியில் வெளிநாட்டுப் பங்கு முதலீடு

வெளிநாட்டுப் பங்குகளின் அரசியல் இடரைப் பெரும்பாலும் விலை ஏற்ற இறக்கத்தைக் கொண்டே அளக்கிறோம். அந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். விலை சரிவது ஓர் இடர். பங்கை விற்றுப் பணத்தை வெளியே எடுக்கும் வழி அடைபடுவது வேறோர் இடர். முன்னதைப் பொறுமையால் கடக்கலாம். பின்னதை அப்படிக் கடக்க முடியாது.

முதல் வகைக்கு பிரிட்டன் சான்று. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவு 2016 ஜூன் 24 அன்று வெளியானதும், எஃப்டிஎஸ்இ 100 குறியீடு சுமார் 3 விழுக்காடு சரிந்து, ஒரு வாரத்துக்குள் பழைய நிலையைத் தாண்டியது. அதிலுள்ள பெருநிறுவனங்களின் வருவாயில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருவதால், பவுண்டின் வீழ்ச்சி அவற்றுக்குச் சாதகமாயிற்று. உள்நாட்டு வணிகத்தை அதிகம் நம்பிய எஃப்டிஎஸ்இ 250 அன்று ஒரே நாளில் 7 விழுக்காடு விழுந்தது. டாலரில் கணக்குப் பார்த்தவருக்கு, முதல் குறியீட்டின் மீட்சி நாணய இழப்பை ஈடுகட்டவில்லை. ஆயினும் சந்தை திறந்தே இருந்தது. விற்பதும் காத்திருப்பதும் முதலீட்டாளரின் விருப்பமாகவே இருந்தன.

மலேசியா இடைப்பட்ட நிலை. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என மாற்று விகிதத்தை நிலைநிறுத்திய அரசு, அந்நியர் பங்கு விற்ற பணத்தை ஓராண்டுக்கு வெளியே எடுக்கத் தடை விதித்தது. 1999 பிப்ரவரியில் அத்தடைக்குப் பதிலாக வெளியேற்ற வரி வந்தது. பணம் முடங்கியது, பறிபோகவில்லை.

ரஷ்யாவில் நிகழ்ந்தது இதனினும் கடுமை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் மாஸ்கோ பங்குச் சந்தை மூடப்பட்டது. ரஷ்ய வங்கியான ஸ்பெர்பேங்கின் பங்குகளைக் குறிக்கும் டெபாசிட்டரி ரசீதுகள் லண்டனில் சில சென்ட்டுகளுக்கு வீழ்ந்தன. பின்னர் வணிகமே நிறுத்தப்பட்டது. எம்எஸ்சிஐ நிறுவனம் ரஷ்யப் பங்குகளைத் தன் குறியீடுகளிலிருந்து ஏறத்தாழப் பூஜ்ய விலையில் நீக்கியது. மார்ச் 24 அன்று மாஸ்கோவில் 33 பங்குகளின் வணிகம் மீண்டும் தொடங்கியபோது, அந்நியர் விற்கத் தடை இருந்தது. ஆக, ஒரே வங்கியின் பங்குக்கு ரஷ்யர் கையில் விலை இருந்தது. அந்நியர் கையில் இல்லை. இழப்புக்குக் காரணம் வங்கியின் லாபநட்டமன்று, பங்கை வைத்திருந்தவரின் நாடு.

ரஷ்யப் பங்குகள் பல்லாண்டுகளாக லாபத்தின் சில மடங்கு விலைக்கே கிடைத்தன; அந்த மலிவே இடருக்கான ஈடு என்ற வாதம் உண்டு. ஆனால் மலிவின் பலனைக் கையில் பெற, விற்கும் உரிமையும் பணத்தை எடுக்கும் உரிமையும் வேண்டும். அவை பறிக்கப்பட்டால், ஈவுத்தொகைகூட முடக்கப்பட்ட கணக்கில்தான் சேரும்.

எனவே அரசியல் நிச்சயமற்ற ஒரு நாட்டில் எவ்வளவு முதலிடலாம் என்பதை விலையின் ஏற்ற இறக்கம் தீர்மானிக்கக் கூடாது. அந்நாட்டில் போட்ட தொகை முழுவதும் போனாலும் தாங்க முடியுமா என்ற கேள்வியே வரம்பாக வேண்டும். பல நாடுகளில் பிரித்து முதலிடுவது ஒரு கதவு அடைபடுவதைத் தடுக்காது. அந்தக் கதவுக்குப் பின்னால் சிக்கும் தொகையைத்தான் குறைக்கும்.