நாயின் பெயரும் ஆளின் பெயரும்

நாய்க்குட்டிக்குப் பெயர் வைப்பதும் ஒரு சரித்திர விஷயமாகுமோ என்று நம் வாசகர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர் நகைக்கட்டும். ஒரு சமூகம் தன் நாயை என்ன பெயரிட்டு அழைக்கிறது, தன் வேலையாளை என்ன பெயரிட்டு அழைக்கிறது என்னும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின், நூறு மேடைப் பிரசங்கங்களில் விளங்காத உண்மை விளங்கும்.

பழந்தமிழர் நாயை இழிவாகக் கருதினார்களா? கல்லே சாட்சி சொல்லுகின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனது முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு, ஏழாம் நூற்றாண்டினது. எருமை மந்தையைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தருகே அவன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. உருவத்தோடு நின்றார்களா? இல்லை. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதென்றும் தனியே எழுதி வைத்தார்கள். பல்லவப் பேரரசனுக்கும் ஒரே கல். அவன் நாட்டு மாடு மேய்ப்போனது நாய்க்கும் அதே கல்! ஆயிரத்து நானூறு ஆண்டுகளாயின. கோவிவன் பெயர் இன்றும் படிக்கத் தெளிவாய் நிற்கின்றது.

கன்னட நாட்டிலும் இத்தகையதொரு கல் உண்டு. மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த அதன் காலம் 949-50. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மடிந்த செய்தியைக் கூறும் கல்லும் அதுவே. அப்போரில் திறம் காட்டிய மணலேரன் என்னும் வீரன், பொன்னும் ஊரும் கேளாமல், காளி என்னும் வேட்டைநாயைப் பரிசாகக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. நாய்க்குக் கல்லும் நட்டு, மானிய நிலமும் விட்டார்கள். கல்லுக்குப் பூசை ஏற்படுத்தியது நமக்கு உடன்பாடன்று; ஆயினும் செய்ந்நன்றி மறவாத அந்நெஞ்சை மெச்சாதிருக்க இயலவில்லை.

இனி மறுபுறம் பார்ப்போம். மனுதர்ம சாஸ்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், 31ஆம் சுலோகம், யார் யாருக்கு எவ்வகைப் பெயர் இடுவதென்று விதிக்கின்றது. பிராமணன் பெயர் மங்களமாகவும், க்ஷத்திரியன் பெயர் வலிமை தோன்றவும், வைசியன் பெயர் செல்வம் தோன்றவும், சூத்திரன் பெயர் இழிவு தோன்றவும் இருக்க வேண்டுமாம். பத்தாம் அத்தியாயத்துக்குச் சென்றால், சண்டாளர் ஊருக்கு வெளியே வாழ வேண்டும், அவர்களுடைய செல்வம் நாயும் கழுதையும் என்று காண்கின்றோம். காட்டில் நாய்க்கும் பெருமை தந்தான் வீரன். ஏட்டில் மனிதனுக்கும் சிறுமை தந்தான் சாஸ்திரி!

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவார் உண்டு. பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் வாழும் நண்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். (பாயான் என்பது மலாய் மொழியில் ஒருவகைக் கிளி, லெப்பாஸ் என்றால் விடுபட்டது. ஊரின் பெயரிலேயே ஒரு பிராணி இருப்பது நம் பொருளுக்குப் பொருத்தமே.) அங்கு மையைப் போன்ற கருநிறக் குட்டியொன்று புதிதாய் வந்திருந்தது. டைகர் என்றார் ஒருவர். ஜிம்மி என்றார் மற்றொருவர். "கருப்பன் என்று வைத்தால் முடிந்தது" என்றார் மூன்றாமவர். எல்லோரும் சிரித்தனர். தோட்டத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "அது எங்கள் பாட்டனார் பெயர், ஐயா" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கருப்பன் என்பது குலதெய்வத்தின் பெயர். குப்பன், பிச்சை என்பனவோ, பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்த வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று தாய் அழுதுகொண்டே வைத்த பெயர்கள். அந்த நம்பிக்கை மூடத்தனமென்போம். அத்தாயின் கண்ணீரை மூடத்தனம் என்று சொல்ல நம்மால் ஆகாது. அப்பெயர்களை நாய்க்குச் சூட்டிச் சிரிப்பவர், சீனிவாசன் என்றோ வேங்கடரமணன் என்றோ சூட்டிச் சிரிப்பாரா? அங்கேதான் சூட்சுமம் இருக்கின்றது.

மேனாட்டாரும் இதில் சளைத்தவரல்லர். அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அடிமைகளை வாங்கிய எஜமானர்கள் அவர்களுடைய ஆப்பிரிக்கப் பெயர்களைப் பறித்துக்கொண்டு சீசர், பாம்ப்பி, கேட்டோ என ரோமானியப் பெயர்களை வேடிக்கையாகச் சூட்டினார்கள். அதே சீசர் என்னும் பெயரை ஏழாம் எட்வர்டு மன்னர் தம் நாய்க்கு வைத்திருந்தார். 1910 மே 20இல் அவர் சவ ஊர்வலம் சென்றபோது, பெட்டிக்குப் பின்னே அந்நாய் நடக்க, அதற்கும் பின்னே மன்னர்கள் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஜெர்மானியக் கைசர். 'கைசர்' என்னும் பட்டமே 'சீசர்' என்பதிலிருந்து பிறந்ததன்றோ! அடிமைக்கு ஏளனமாய் இட்ட பெயர் அரசன் நாய்க்குச் செல்லப் பெயராயிற்று.

பாயான் லெப்பாஸ் பக்கத்துக் கரையில் நின்றால் கிழக்கே ஜெரஜாக் தீவு தெரியும். கப்பலில் வந்த நம் முன்னோர் பலர் நோய்த்தடைக் காவலில் அடைபட்டுக் கிடந்த தீவு அது. அங்கிருந்து ரப்பர்த் தோட்டம் சேர்ந்த தமிழனுக்கு ஊரில் எப்பெயர் இருந்தாலென்ன? வெள்ளையர் பேச்சில் தமிழ்க்கூலி எவனும் 'ராமசாமி'தான். பங்களாவிலிருந்த நாய்களுக்கோ ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. நாய் தவறாக அழைக்கப்பட்டால் திரும்பிப் பாராது. ராமசாமி ஓடி வந்தாக வேண்டும்.

அதே ராமசாமி என்னும் பெயரோடு ஈரோட்டிலிருந்து ஒருவர் 1929 டிசம்பரில் பினாங்குத் துறையில் வந்திறங்கினார். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்திருந்தது. அவரும் தம் பெயரின் வாலிலிருந்த 'நாயக்கரை' அறுத்தெறிந்திருந்தார். பரிகாசச் சொல்லாய்க் கிடந்த பெயரைக் கேட்கக் கூட்டங்கூட்டமாய் ஜனங்கள் திரண்டார்கள்.

பெயரில்லாமையின் ஆபத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய் நோய் கண்டபோது, தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. கடும் எதிர்ப்பும் எழுந்தது. பெயரிட்டு வளர்ப்பார் இருந்த நாய்களுக்காக வாதாட ஒரு வீடு இருந்தது. மற்றவற்றுக்கு யார் இருந்தார்கள்? ஆகவே பெயர் வைப்பவர் உரிமமும் தடுப்பூசியும் உடனே வாங்கிவிடுக.

பெயர் எதுவாயினும் சுருக்கமாய் இருக்கட்டும். இரண்டெழுத்து, மூன்றெழுத்துக்கு மேல் நாய் பொறாது. வைத்ததை அடிக்கடி மாற்றாதீர்கள். பக்கத்து வீட்டானோ, பால் வெட்டும் தொழிலாளியோ கேட்டால் முகம் வாடும் பெயர் வேண்டாம். தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்பார்க்கு எடுத்தனூர்க் கல்லில் ஒன்று காத்திருக்கின்றது. கோவிவன் என்று கூவி அழைக்க நீளமாயின், கோவி என்று அழைக்கலாம்.